தண்ணீரில் தவித்த வெண்ணெய்ப்பழ மரம்

மலையடிவாரக் காட்டில் ஒரு வெண்ணெய்ப்பழ மரம் இருந்தது. அதன் உயரமான கிளை ஒன்றில் செம்பி என்ற மலையணில் கூடு கட்டியிருந்தது. கூட்டில் இன்னும் கண் திறக்காத இரண்டு குட்டிகள்.

கோடையில் ஒரு நாள் உச்சிவெயிலில் மரத்தின் இலைகள் துவண்டு தொங்கின. செம்பி அதைப் பார்த்துப் பதறியது.

“ஐயோ! மரம் பட்டுப்போனால் கிளை முறியுமே! பிள்ளைகளை எங்கே கொண்டுபோவேன்?”

ஓடையில் குளித்துக்கொண்டிருந்த யானையிடம் ஓடியது. “அக்கா, என் மரம் தாகத்தில் சாகிறது! தண்ணீர் ஊற்றுங்கள்!”

“அதற்கென்ன, ஊற்றினால் போயிற்று!” என்றது யானை. தும்பிக்கை நிறைய நீர் கொண்டுவந்து அடிமரத்தில் ஊற்றியது.

மாலையில் வெயில் தணிந்தது. இலைகள் நிமிர்ந்தன. தண்ணீர்தான் காப்பாற்றியது என்று செம்பி நம்பிவிட்டது. அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை யானையைக் கூப்பிட்டது.

பத்தே நாளில் இலைகள் மஞ்சளாகி, நுனி கருகி உதிர்ந்தன. ஓர் இலை விழுந்தாலும் செம்பி ஓடிவந்து பார்த்தது. இரை தேடப் போகவும் மனம் வரவில்லை.

“போதவில்லை அக்கா! இன்னும் ஊற்றுங்கள்!”

“கீழே ஒரே சேறாகக் கிடக்கிறதே, செம்பி!”

“மேலே பாருங்கள்! இலை வாடுகிறதே! ஊற்றுங்கள்!”

அப்போது சேற்றிலிருந்து ஒரு பெருச்சாளி நடுங்கிக்கொண்டே வெளியே வந்தது. செம்பி அதன் மேல் பாய்ந்தது.

“நீதானே வேரைக் கடித்தாய்!”

“நானா? என் வளைக்குள் தண்ணீர் புகுந்து, படுக்க இடமில்லாமல் தவிக்கிறேன்! வேரைப் பார்க்க வேண்டுமா? இறங்கி வா!”

பெருச்சாளி சேற்றைத் தோண்டியது. மெல்லிய வேர்கள் கறுத்து, கொழகொழவென்று அழுகியிருந்தன. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

“மரம் தாகத்தில் வாடவில்லை. தண்ணீரில் மூச்சுமுட்டி வாடுகிறது!” என்றது பெருச்சாளி.

செம்பி அழுகிய வேரைத் தொட்டுப் பார்த்தது. “நான்தான்... நான்தானே ஊற்றச் சொன்னேன்!”

யானை காலால் மண்ணைக் கீறி வாய்க்கால் வெட்டியது. தேங்கிய நீர் ஓடையை நோக்கி வடிந்தது.

அதற்குப் பிறகுதான் கொடுமையான நாட்கள். நண்பகல்தோறும் இலைகள் வாடின. செம்பி யானையைக் கூப்பிட ஓடையை நோக்கி ஓடும். பாதியில் நின்று திரும்பிவந்து மண்ணைக் கிளறிப் பார்க்கும். இன்னும் ஈரம்! ஒரு நாள் படாரென்று ஒரு கிளை முறிந்து கூட்டை உரசிக்கொண்டு விழுந்தது. செம்பி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி அடுத்த கிளைக்கு மாற்றியது. அப்போதும் தண்ணீர் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் நான்கு விரல் ஆழம்வரை மண் காய்ந்திருந்தது.

“அக்கா, இப்போது வாருங்கள்! அடிமரத்தில் வேண்டாம். கிளை நிழல் முடியும் இடத்தில் சுற்றிலும் ஊற்றுங்கள். நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆழமாக நனையட்டும். மறுபடி மண் காய்ந்ததும் நானே கூப்பிடுகிறேன்.”

பாதி மரம் போய்விட்டது. மீதிக் கிளைகளில் ஒரு மாதம் கழித்துச் செந்தளிர்கள் விட்டன. கண் திறந்த குட்டிகள் அவற்றின் நடுவே தாவி விளையாடின. அன்றுதான் செம்பி வயிறார உண்டது.

என்ன குறை என்று தொட்டுப் பார்க்காமல், பயந்துபோய்ச் செய்கிற உதவி காப்பதற்குப் பதிலாகக் கெடுத்துவிடும்.