இருபத்திரண்டு கற்கள்

"கல்லுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கலாம். அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கலாம்."

எஸ்தர் டீச்சர் இப்படிச் சொன்னதாகத்தான் சென்னியப்பனுக்கு ஞாபகம். உட்கார்ந்துக்கலாம் என்றாரா, கால் நனைச்சுக்கலாம் என்றாரா என்பது நிச்சயமில்லை. கேட்டபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. இப்போது நாற்பத்தெட்டு.

கோவையிலிருந்து முக்கால் மணி நேரம் மலையேறினால் கருமூங்கில் ஓடை. கரையில் அரை ஏக்கர் புல்தரை, ஒரு சமையல் கொட்டகை, இரண்டு கழிப்பறை, மேட்டில் ஒரு தகர வீடு. எஸ்தர் டீச்சர் பூகோளம் நடத்தியவர். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து கூடாரம் அடித்துத் தங்க வைப்பதற்காகவே அந்த இடத்தை வாங்கினார். மூட்டு தேய்ந்து மலையேற முடியாமல் போனதும், பழைய மாணவர்களில் யாராவது எடுத்து நடத்துவார்களா என்று கேட்டு அனுப்பினார். மஸ்கட்டில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்த சென்னியப்பன் வந்து நின்றான்.

டீச்சர் சாவியைக் கொடுத்தார். வெள்ளையடித்த இருபத்திரண்டு கற்களைக் காட்டினார். ஓடையிலிருந்து நாற்பது அடி தள்ளி அவை ஒரே வரிசையாக இருந்தன.

அது ஐந்து வருடத்துக்கு முன்பு.

போன புதன்கிழமை மேல்மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கியது. கீழே தூறல்கூட இல்லை. அன்றைக்கு முகாமில் தங்கியிருந்தது ஒரே ஒரு பெண். ஹரிணி என்று பெயர். இருபத்தாறு வயது. சொந்தக் கூடாரத்தோடு தனியாக வந்தவள். கூடாரம் அரை மைல் கீழே மூங்கில் புதரில் கிடைத்தது. அவள் அதற்கும் கீழே.

கூடாரத்தின் இரும்பு முளைகளில் இரண்டு மட்டும் தரையிலேயே நின்றன. ஓடையிலிருந்து இருபதாவது அடி. போலீஸ் அவற்றில் சிவப்புத் துணி கட்டியது.

"கல்லைத் தாண்டித்தாங்க அடிச்சிருந்தாங்க" என்று சென்னியப்பன் போலீசிடம் சொன்னான்.

எல்லைக் கற்களைத் தாண்டிக் கூடாரம் அடித்த பெண் என்று பேப்பரில் வந்தது.

பாதிக் கற்களை வெள்ளம் உருட்டியது. தேட வந்த ஜேசிபி மீதியைப் புரட்டியது. எது எங்கே இருந்தது என்று இனி தரையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தாசில்தார் போன் செய்திருந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு அளக்க வருகிறார். கற்களை இருந்த இடத்தில் வைத்திருக்கச் சொன்னார். பெண்ணின் அப்பாவும் வருகிறார்.

டீச்சர் மத்தியானமே ஜீப்பில் வந்து இறங்கினார். எழுபத்தாறு வயது. ஒரு கையில் கம்பு. ஒரு கையில் துணிப்பை.

சமையல் பார்க்கும் ராக்கம்மா கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங் டீச்சர், இந்த மூட்டை வெச்சுக்கிட்டு மலையேறி வந்துட்டீங்களாக்கும்?"

"நான் எங்கே ஏறினேன்? ஜீப்காரன் வெங்காய மூட்டையாட்டம் கொண்டாந்து போட்டுட்டுப் போறான். டீ இருக்கா?"

"இருக்குங். சக்கரை போட மாட்டேன். உங்க மருமக போன்ல சொல்லிப்போட்டாங்க."

"அவளுக்கு இங்கேயும் ஆள் இருக்கா?"

சென்னியப்பன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். டீச்சர் உட்காரவில்லை. சேற்றின் நடுவே தெரிந்த சிவப்புத் துணிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓடை இப்போது முழங்கால் அளவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. வானம் மூடியிருந்தது.

"பேர் என்ன?"

"ஹரிணிங்க டீச்சர்."

"என்ன வேலை?"

"பேங்க்லங்க. அப்பா ரயில்வே."

"அன்னிக்குச் சாப்பிட்டாளா?"

அவனுக்குத் தெரியவில்லை. கொட்டகையிலிருந்து பதில் வந்தது.

"ரெண்டு தோசை தின்னுச்சுங். போதுங்கக்கான்னுச்சு. நாந்தான் வம்படியா மூணாவதை வெச்சுப்போட்டு வீட்டுக்குப் போனேன்."

டீச்சர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், நான் என்ன பண்ணட்டும்?" என்றான் சென்னியப்பன்.

"சுண்ணாம்பு இருக்கா?"

"இருக்குங்க."

"கரைச்சு இங்கே கொண்டா. அப்புறம் போய்க் கல்லைப் பொறுக்கு."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். ஒவ்வொரு கல்லாகத் தோண்டி எடுத்து, ஓடையில் கழுவி, மேலே சுமந்து வந்து டீச்சரின் காலடியில் வைத்தான். டீச்சர் வெள்ளையடிக்கும் பழைய நார் மட்டையால் சுண்ணாம்பு பூசினார். கையில் தெறித்ததைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பத்தொன்பது கல் கிடைத்தது. இருபதாவது புதருக்குள் இருந்தது. இருபத்தொன்றுக்கு அவன் இடுப்பளவு மடுவில் இறங்க வேண்டியிருந்தது.

"விட்டுடுங்கண்ணா, ஒண்ணு கொறைஞ்சா என்ன குடியா முழுகிடும்" என்றாள் ராக்கம்மா.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ராக்கம்மா உள்ளே போய்விட்டாள். கடைசிக் கல் பாலத்தடியில் கிடந்தது.

அதை அவன் சுமந்து வரும்போது நாற்காலிமேல் வைத்திருந்த போன் அடித்தது. இரண்டு கையும் சேறு. ராக்கம்மா ஓடிவந்து போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தாள்.

"சார், ஞானவேல் பேசறேன். ஹரிணி அப்பா."

"சொல்லுங்க சார்."

"நாளைக்கு வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் சார். பேப்பர்ல போட்டிருக்காங்களே. சொந்தக்காரங்க எல்லாரும் அதையே கேக்கறாங்க. பொம்பளப் புள்ளையைத் தனியா விட்டீங்க, அதுவும் சொன்ன பேச்சுக் கேக்காத புள்ளையைன்னு. அவ பரீட்சை எழுதறப்ப மார்ஜினைத் தாண்டி ஒரு எழுத்து எழுத மாட்டா சார். இடம் பத்தலேன்னா எழுந்து போய் இன்னொரு பேப்பர் வாங்குவா. அவ கல்லைத் தாண்டினதை நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

சென்னியப்பன் கையிலிருந்த கல்லை இறக்கவில்லை. டீச்சரைப் பார்த்தான். அவர் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நேர்ல பேசிக்கலாங்க சார்."

"சரிங்க சார். அவங்கம்மாவுக்குச் சொல்லணும். அதான்."

போன் நின்றது. ராக்கம்மா அதை முந்தானையில் துடைத்து நாற்காலிமேல் வைத்தாள்.

"அண்ணன் என்ன சொல்றீங்களோ அதேதான் நானும் சொல்லுவேனுங். இந்த எடத்தை மூடிப்போட்டா நானும் எங்கே போறது?"

அவள் போன பிறகு சென்னியப்பன் கல்லை இறக்கி வைத்தான். அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அந்தப் பொண்ணு தாண்டலைங்க டீச்சர்."

டீச்சர் பூசுவதை நிறுத்தவில்லை.

"தங்க வந்தவங்க தண்ணிச் சத்தம் கேக்கலைன்னு நெட்ல எழுதினாங்க. ஓடைக்கரைன்னு பேரு, ஓடையே கண்ணுக்குத் தெரியலைன்னு ஸ்டாரைக் கொறைச்சாங்க. மழை முடிஞ்சு வெள்ளையடிக்கிறப்ப கல்லை ஓடைப் பக்கமா ஆறடி எறக்கி வெச்சேன். ஆறடிதானுங்களே. அடுத்த வருஷமும் ஆறடி. அப்படியே நாலு வருஷம்."

"பதினாறு."

"ஆமாங்க."

"முளை?"

"இருபதுலங்க. கல்லுக்கு உள்ளே நாலடி தள்ளித்தான் அடிச்சிருந்தா."

"முதல் தடவை எறக்கினப்போ யாரும் கேக்கலையா?"

"நான் கேட்டனுங்" என்றது கொட்டகை. "டீச்சருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுப்போடுவாங்கன்னேன். சிரிச்சுப்போட்டாரு."

சென்னியப்பன் தலை குனிந்துகொண்டான்.

"பதினாறுன்னு தெரிஞ்சா கேஸ் என் மேல திரும்பும் டீச்சர். உள்ளே போக வேண்டியிருக்கும். என் பொண்ணு பன்னெண்டாவது படிக்கறா."

"ம்."

"நாப்பதுன்னா ஒண்ணுமில்லைங்க. சமாளிச்சுடலாம்."

டீச்சர் இன்னொரு கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாப்பதுன்னு நான் எப்படி வெச்சேன், தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"பிள்ளைகளை முதல் தடவை கூட்டிட்டு வர்றதுக்கு முந்தின வருஷம். ஐப்பசி அடைமழை. ஒரு மடக்கு நாற்காலியும் குடையும் எடுத்துட்டு வந்து ரெண்டு நாள் இங்கே உட்கார்ந்திருந்தேன். தண்ணி காலைத் தொடும். நாற்காலியைப் பின்னால தள்ளிப் போட்டுக்குவேன். மறுபடி தொடும். மறுபடி தள்ளிப் போடுவேன். மழை விட்டப்போ முப்பதாவது அடியில இருந்தேன்."

"மீதிப் பத்து?"

"பயத்துக்கு."



"அதைத்தானுங்க நான் முதல்ல எடுத்திருக்கேன்."

டீச்சர் மட்டையை மறுபடி சுண்ணாம்பில் தோய்த்தார்.

"கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துக்கலாம்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? சின்னதுல."

"இல்லை. இந்தப் பக்கம் படுத்துக்கலாம்னு சொன்னேன். அந்தப் பக்கத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. நீயா சேர்த்துக்கிட்டது அது."

நாலரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மேலிருந்து மூட்டம் இறங்கி மூங்கில் நுனிகளை மறைத்தது. கற்கள் இருபத்திரண்டும் பூசி முடிந்து வரிசையாகக் காய்ந்தன. டீச்சருடைய டீ தொடாமலே ஆறிப்போயிருந்தது.

சென்னியப்பன் அளக்கும் டேப்பை எடுத்துவந்தான். ஒரு நுனியை ஓடைக்கரையில் முளையடித்து மாட்டினான். முதல் கல்லைத் தூக்கிக்கொண்டு டேப்பை ஒட்டி நடந்தான். நாற்பதாவது அடியில் வைத்தான். இரண்டு தரம் அசைத்துப் பதித்தான்.

அங்கே நின்று ஓடையைப் பார்த்தான். சிவப்புத் துணி இரண்டும் வெகு தூரத்தில், கல்லுக்கு அந்தப் பக்கம், தனியாகத் தெரிந்தன.

"சரிங்களா டீச்சர்?"

"நான் வெச்சது அங்கேதான். நாளைக்கு யார் கேட்டாலும் நாப்பதுன்னுதான் சொல்லுவேன்."

"அப்ப இங்கேயே..."

"நீ வெச்சதை நான் பார்க்கலையே, சென்னி."

அவன் காத்திருந்தான்.

"அந்தப் பொண்ணு பார்த்துட்டுத்தான் படுத்தா" என்றார் டீச்சர்.

ராக்கம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

சென்னியப்பன் கல்லைத் தூக்கினான். டேப்பை ஒட்டிக் கீழே நடந்தான். சிவப்புத் துணிகளைக் கடந்து போனான். பதினாறாவது அடியில் அதை வைத்தான். மீதி இருபத்தொரு கற்களையும் அதே வரிசையில் வைத்தான்.