பதினஞ்சு கட்டியும் நாலு துண்டும்

கரும்புக்கும் எறும்புக்கும் குறைவே இல்லாத ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல எட்டு வீட்டுக்காரங்க ஒண்ணாச் சேர்ந்து கரும்பு வெட்டி, ஆலையில ஆட்டி, பாகு காய்ச்சி, அச்சுல ஊத்தி வெல்லக் கட்டி எடுப்பாங்களாம். ஒவ்வொரு கட்டியும் செங்கல் கணக்கா நீளமா இருக்கும், மேல பத்துத் துண்டா உடைக்கத் தோதாக் கோடு விழுந்திருக்கும். என்னடா, எச்சில் ஊறுதாக்கும்? துடைச்சுக்கிட்டுக் கேளு.

அதைப் பங்கு போடுறதுக்குன்னே ஒருத்தன் இருந்தான், சடையாண்டின்னு பேரு. கரும்பு வெட்ட வரமாட்டான், அடுப்புக்கு விறகு தள்ளமாட்டான், பாகு கிண்டமாட்டான். பங்கு போட்டது போக மீதி, பங்கு போடுறவனுக்கு. அதுதான் அந்த ஊரு வழக்கம். "கட்டியை உடைச்சா லச்சுமி ஓடிப்போயிருவா"ன்னு வேற கிளப்பிவிட்டுட்டான் அந்தப் படுபாவி. முதல் வருசம் அஞ்சு கட்டி மீதி, தூக்கிட்டுப் போனான். அடுத்த வருசம் ஆறு கட்டி மீதி, அதையும் தூக்கிட்டுப் போனான்.

மூணாவது வருசம் பதினஞ்சு கட்டி வந்துச்சு. பாகு பத்தாம கடைசி அச்சுல நாலு துண்டுதான் தேறுச்சு. சடையாண்டி கூடையோட வந்து நின்னான். "ஆளுக்கு ஒரு கட்டி, எட்டு போச்சு. மீதி ஏழு கட்டியும் இந்த நாலு துண்டும் எனக்கு!"ன்னான்.

செங்கமலத்துக்கு நெஞ்சு பதறிப்போச்சு. எட்டு வீட்டுல ஒரு வீட்டுக்காரி அவ. வெள்ளிக்கிழமை மக வடிவுக்கு வளைகாப்பு, சம்பந்தி வீட்டார் வண்டி கட்டிக்கிட்டு வராங்க. அதிரசம் சுட ஒன்றரைக் கட்டியாவது வேணும். ஒரு கட்டியை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவா பாவம்? ஊரே அவளை மக்குன்னு சொல்லும், ஏன்னா எதையும் ரெண்டு தடவை எண்ணுவா. அன்னைக்கும் எண்ணினா.

"அண்ணே, செத்த இருங்க. ஏழு கட்டியை எட்டுப் பேருக்குக் கட்டியாக் குடுக்க முடியாது, சரி. துண்டாக் குடுக்கலாமே?"

"ஐயய்யோ, லச்சுமி ஓடிருவா!"

"இந்த நாலும் துண்டாத்தானே கிடக்கு? இதை மட்டும் உங்க வீட்டு லச்சுமி வேண்டாம்னு சொல்லலையா?"

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அந்நேரம் பாகு வாசனை பிடிச்சுக்கிட்டு ராசா குதிரையில வந்து இறங்கினாரு. சடையாண்டி ஓடிப்போய் முறையிட்டான். ராசா எல்லாத்தையும் கேட்டுட்டு, "வழக்கத்தை மாத்த வேண்டாம், மீதி உனக்குத்தான். ஆனா பங்கு போட்டு முடிஞ்சாத்தானே அது மீதி? அவ முடிக்கட்டும்"னாரு.

செங்கமலம் ஒரு வாழை இலையை விரிச்சு, ஏழு கட்டியையும் அதுமேல வச்சுக் கோட்டுக்குக் கோடு உடைச்சா. எழுபது துண்டு. அந்த நாலையும் சேர்த்தா, எழுபத்து நாலு.

"ராசா, மோசம்! ஏழு எப்படி எழுபதாகும்?"ன்னு குதிச்சான் சடையாண்டி.

அவ பத்துத் துண்டை எடுத்து ஒட்டி ஒட்டி வச்சா. "இது என்னண்ணே?"

"கட்டி."

"எத்தனை கட்டி?"

"ஒண்ணு."

"அவ்வளவுதான். எண்ணிக்கைதான் மாறுச்சு, வெல்லம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கட்டியும் துண்டும் கலந்து கிடந்தா எண்ண முடியுமா? எல்லாத்தையும் துண்டாக்கினா ஒண்ணா எண்ணிப் பங்கு போடலாம்."

ஆளுக்கு ஒன்பது துண்டு, எழுபத்திரெண்டு போச்சு. "ரெண்டு துண்டு மீதி, எனக்கு!"ன்னான் சடையாண்டி.

"இருங்கண்ணே"ன்னு பாக்குவெட்டியை எடுத்து ஒவ்வொரு துண்டையும் பத்துச் சில்லா வெட்டினா. இருபது சில்லு. ஆளுக்கு ரெண்டு, பதினாறு போச்சு. "நாலு சில்லு மீதி, எனக்கு!"ன்னான்.

"இருங்கண்ணே"ன்னு ஒவ்வொரு சில்லையும் பத்துத் துணுக்கா நறுக்கினா. நாப்பது துணுக்கு. ஆளுக்கு அஞ்சு, எட்டஞ்சு நாப்பது. இலையில ஒரு பொட்டு வெல்லம் இல்ல.

ஆளுக்கு ஒரு கட்டி, ஒன்பது துண்டு, ரெண்டு சில்லு, அஞ்சு துணுக்கு. கிட்டத்தட்ட ரெண்டு கட்டிடா! செங்கமலத்துக்குச் சந்தோசத்துல அழுகையே வந்துருச்சு. ராசா சிரிப்பை அடக்கிக்கிட்டு, "சடையாண்டி, உன் மீதியை எடுத்துக்கோப்பா"ன்னாரு. அவன் இலையைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"இனிமே பாக்குவெட்டி உன் கையில. ஒண்ணுமில்லன்னு ஆகுற வரைக்கும் நீதான் நறுக்கணும். வெல்லம் வேணும்னா கரும்பு வெட்ட வா"ன்னுட்டு, ராசா ஒரு குவளை கருப்பஞ்சாறு வாங்கிக் குடிச்சுட்டுப் போனாரு.

வெள்ளிக்கிழமை வடிவு கை நிறைய வளையல், சம்பந்தி வீட்டார் தட்டு நிறைய அதிரசம். அடுத்த வருசம் சடையாண்டி விரல் நிறையக் கொப்புளம். யாராவது மீதின்னு அள்ளிக்கிட்டுப் போக வந்தா, இன்னும் சின்னதா உடைச்சுப் பார்த்தியான்னு கேளுங்க, கண்ணுகளா. வெல்லமும் தீர்ந்துச்சு, என் கதையும் தீர்ந்துச்சு, எறும்பு வரதுக்குள்ள கையைக் கழுவுங்க.