நிலாவில் காயும் வேட்டி

ஏணிமலைக்குப் போகும் காலைப் பேருந்தில் ஒருநாள் ஒரு சொல் ஏறிக்கொண்டது. மலைக்கோயில் திருவிழாவுக்காக யாரோ ஒட்டிய சுவரொட்டியில் 'முகில்தோய் ஏணிமலை' என்று அச்சிட்டிருந்தார்கள். மேகத்தில் தலை தோயும் அளவுக்கு உயர்ந்த மலை என்று பொருள். திருவிழா முடிந்தது, சுவரொட்டி மழையில் கரைந்தது, சொல் மட்டும் பலாப்பழ வியாபாரி அரப்பளியின் நாக்கில் ஒட்டிக்கொண்டது. அன்று முதல் அவர் குடித்தது முகில்தோய் டீ. கட்டியது முகில்தோய் வேட்டி. அவருடைய மாமியாரின் கோபம்கூட முகில்தோய் கோபம்.

அந்த அரப்பளிக்கு அருகில் உட்காரும் விதி, கணக்காசிரியை அங்கயற்கண்ணிக்கு ஒரு திங்கட்கிழமை வாய்த்தது.

அங்கயற்கண்ணிக்கு உயரம் ஆகாது. முக்காலியில் ஏறினாலே தலை சுற்றும் என்பதால், பணிக்காலம் முழுவதும் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே கணக்குப் போட்டவர். ஏணிமலைப் பள்ளியின் தலைமையாசிரியை பதவி இரண்டு முறை தேடி வந்தபோதும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தார். இந்த முறையும் மறுத்தால் இனிக் கேட்கவே மாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று நண்பகலுக்குள் மேலே போய்ப் பொறுப்பேற்க வேண்டும். அப்படியும், பேருந்தில் ஏறியதும் அவர் நடத்துநர் செங்கோடனிடம் கேட்ட முதல் கேள்வி, பாதி வழியில் இறங்கினால் கீழே திரும்ப வண்டி கிடைக்குமா என்பதுதான். நடுவளைவு நிறுத்தத்தில் கிடைக்கும் என்றார் அவர்.

ஜன்னலோரம் வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டதால், ஜன்னலோரத்தில் இருந்த அரப்பளிக்குப் பக்கத்து இருக்கை அவருக்குக் கிடைத்தது. அரப்பளி ஏற்கெனவே ஷட்டரை இறக்கிவிட்டு, முன்சீட்டுக் கம்பியை இரு கைகளாலும் பற்றியபடி உட்கார்ந்திருந்தார். வெளியே நல்ல வெயில். மழை வரும்போலத் தெரிகிறது என்றார். ஆசிரியைக்கு அந்தப் பொய் மிகவும் பிடித்திருந்தது.

முதல் வளைவில் வண்டி சாய்ந்தது. ஆசிரியையும் கம்பியைப் பற்றிக்கொண்டு கண்களை மூடிக்கொண்டார்.

"மேல போனதும் ஒரு முகில்தோய் டீ குடிங்க டீச்சர். எல்லாம் சரியாப் போயிரும்."

கணக்கு வாத்தியாரின் காதில் தவறான ஒன்று விழுந்தால் கண் தானாகவே திறந்துகொள்ளும். டீ எப்படி மேகத்தைத் தொடும் என்று கேட்டார்.

தொடாதுதான் என்று அரப்பளி ஒப்புக்கொண்டார். மேகம்தான் டீயைத் தொடும். ஏணிமலை டீக்கடையில் கிளாசை வாங்கி வாயருகே கொண்டுபோவதற்குள் மேகம் வந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போய்விடுமாம். சர்க்கரை போடாத டீயை மட்டும் சீண்டாதாம். அதனால்தான் அடிவாரத்தில் பெய்கிற மழை சில நாள் தித்திக்கிறதாம்.

பின்சீட்டில் மிளகுக் கூடையோடு உட்கார்ந்திருந்த நல்லம்மாள் சிரித்தாள். "அடிவாரத்துலதான் நான் பொறந்தேன். ஒருநாளும் தித்திச்சதில்லை."

"உன் வாயி அப்படி. மழை என்ன பண்ணும்?" என்ற அரப்பளி, அடுத்த வளைவு வருவதற்குள் தம்முடைய முகில்தோய் பலாமரத்துக்குத் தாவினார்.

அந்த மரம் மலை விளிம்பில் நிற்கிறது. அவருடைய பாட்டனார் தம் கல்யாண விருந்துக்காக அதில் ஒரு பழத்தை வெட்டிக் கீழே விட்டார். பழம் பிஞ்சாகத்தான் புறப்பட்டது. வழியிலேயே முற்றி, வழியிலேயே பழுத்தது. வாசனை முன்னால் வந்து சேர்ந்ததும் அடிவாரத்துக்காரர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்கு மகன் பிறந்து, அவனுக்கும் மீசை முளைத்தது. பழம் வந்தபாடில்லை.

விழும் பொருளின் வேகம் நொடிக்கு நொடி கூடும் என்று ஆசிரியை சற்றுக் கண்டிப்பாகவே எடுத்துச் சொன்னார். விரல்களை மடக்கிக் கணக்கிட்டும் காட்டினார். அதற்காகக் கம்பியை விட்டுவிட்டதை அவர் கவனிக்கவில்லை.

"அது கல்லுக்குத்தானுங்க. பலாப்பழம் நிதானமான சாதி. ஒவ்வொரு மேகத்துலயும் தங்கித் தங்கித்தான் வரும்."

செங்கோடன் டிக்கெட் பையை இடுக்கிக்கொண்டு, அப்படியானால் அந்தப் பழம் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று விசாரித்தார். அவசரப்படக் கூடாது, அதற்கு முன்னால் நிலா வருகிறது என்றார் அரப்பளி.

அவர் வீட்டுக் கூரைக்கு மேலேயே நிலா போகும். மனைவி அதன் ஓரத்தில்தான் துணி காயப்போடுவாள். பௌர்ணமி என்றால் கம்பளி, ஜமுக்காளம் எல்லாம் தாராளமாகக் காயும். தேய்பிறையில் இடம் சுருங்கச் சுருங்கக் கைக்குட்டைக்குத்தான் கட்டுபடியாகும். அமாவாசையன்று ஊரில் ஒருவரும் துணி துவைப்பதில்லை. ஒருமுறை இவரே தம் முகில்தோய் வேட்டியைக் காயப்போட்டு, எடுக்க மறந்துவிட்டார். நிலாவில் ஒரு கறை தெரிகிறதே, அது என்னவென்று நினைத்தீர்கள்?

விசில் ஒலித்தது. வண்டி நின்றது. நடுவளைவு.

"டீச்சர், எதிர்த்தாப்புல கீழே போற வண்டி நிக்குது. இறங்குறதுன்னா இறங்கிக்கங்க," என்றார் செங்கோடன்.

ஆசிரியை பையை எடுத்து மடியில் வைத்தார். அரப்பளியின் முகம் வெளுத்தது. பக்கத்து இருக்கை காலியாகிவிட்டால் மிச்ச வளைவுகளை யாரிடம் பேசிக் கடப்பது என்பதுபோல் ஆசிரியையையே பார்த்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று நடத்துநரிடம் கையைக் காட்டிவிட்டு ஆசிரியை அரப்பளி பக்கம் திரும்பினார். "நிலாவில் கறை என் பாட்டி காலத்திலேயே இருந்ததே. உங்கள் வேட்டி எப்படி அங்கே முன்னாலேயே போயிற்று?"

"அது எங்க தாத்தா வேட்டிங்க. நான் கட்டினது ரெண்டாம் கைதான்."

இதை இப்படியே விட்டுவிட்டு ஒரு கணக்காசிரியை எப்படி இறங்குவார்? வேட்டி எடுக்க ஏறியது யார் என்று கேட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

ஏறியவர் அரப்பளியேதான். ஏணி வைத்து ஏறினார், நிலா நகர்ந்தது, கால் வழுக்கியது. மூன்று வேளைச் சாப்பாட்டு நேரமும் காற்றிலேயே கழிந்தது. நல்ல பசி. அப்போது பக்கத்தில் ஒரு வாசனை. பார்த்தால், பாட்டனார் வெட்டிய அதே பலாப்பழம், அந்தரத்தில், பதமாக. சுளைகளை உரித்துத் தின்றார். கொட்டைகளை மட்டும், வீட்டில் குழம்புக்கு ஆகுமென்று துண்டில் முடிந்துகொண்டார். அடிவாரத்துக்காரர்கள் இன்னும் எண்ணெய்க் கையோடு நிற்பது இவரால்தான்.

"அப்புறம் எப்படித் தரையில் விழுந்தீர்கள்?" ஆசிரியை முழுமையாக அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"எங்க விழுந்தேன்? விழுந்து விழுந்து அலுத்துப்போச்சுங்க டீச்சர். பாதியிலயே எறங்கி, இதே பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்குப் போயிட்டேன்."

"டிக்கெட் எடுக்கலை," என்றார் செங்கோடன்.

வண்டியே சிரித்தது. அங்கயற்கண்ணியும் சிரித்தார். இவ்வளவு சொல்கிறாரே, அந்த உயரத்தைப் பார்த்துவிடுவோம் என்று ஒரு வேகத்தில் எட்டி ஷட்டரை மேலே தூக்கிவிட்டார்.

கீழே மலைச்சரிவு. அதற்குக் கீழே சாலை, ரிப்பன்போல மடிந்து மடிந்து. அதற்கும் கீழே தென்னைகள், குளம். நிலா இல்லை, வேட்டி இல்லை, மேகம்கூட எட்டத்தில்தான் நின்றது. ஆசிரியை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

அரப்பளி கண்களை இறுக மூடி, முன்சீட்டில் நெற்றியை வைத்திருந்தார்.

"அதை இறக்கிவிடுங்க டீச்சர்," என்றார் ஈனக்குரலில். "எனக்குத் தலை சுத்துது."

விவரம் தெரிந்த நாள் முதல் அவர் இப்படித்தான் மலையேறுகிறார் என்று நல்லம்மாள் பின்னாலிருந்து சாதாரணமாகச் சொன்னாள்.

ஆசிரியை ஷட்டரை இறக்கினார். மிச்ச வழி முழுவதும் நிலாவைப் பற்றி அவரே விடாமல் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார்.

மேலே சமதரையில் கால் வைத்ததும் அரப்பளிக்கு உயிர் வந்துவிட்டது. புதிய தலைமையாசிரியையை வரவேற்கப் பள்ளிக்காரர்கள் நின்றிருந்தார்கள். வழியில் டீச்சருக்கு ஒரே பயம், தாம்தான் பேச்சுக் கொடுத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம் என்று அவர்களிடம் முழங்கினார். எல்லோரும் ஆசிரியையைப் பார்த்தார்கள்.

"ஆமாம், முகில்தோய் பயம்," என்றார் அங்கயற்கண்ணி, புடவையின் மடிப்பைச் சரிசெய்தபடி. "யாருடையது என்பதை வெள்ளிக்கிழமை கீழே இறங்கும்போது சொல்கிறேன். ஐயாவும் அதே வண்டியில்தானே?"

அரப்பளி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இல்லீங்க டீச்சர், நான் நடந்தே இறங்கிக்கிறேன். இந்த பஸ்ஸு எனக்கு உயரம் பத்தலை."