மட்டும் என்ற சொல்

கேளுங்கள். அது 1612ஆம் ஆண்டு. மொர்வால் நகரில் ஒன்பது கோயில்கள். ஒன்பதிலும் ஒரே மனிதரைத் திட்டித்தான் பிரசங்கம். அவர் பெயர் கிலோம் தெர்வால்.

சட்டம் கற்பித்தவர். கத்தோலிக்கர். நாள் தவறாமல் பூசைக்குப் போனவர். தன் நூலில் ஒரு வரி எழுதினார்: "பாப்பரசர் ஆன்மாக்களுக்கு மட்டும் தலைவர்." அரசர்களைப் பதவியிலிருந்து இறக்க அவருக்கு அதிகாரமில்லை என்பது அதன் பொருள்.

'மட்டும்' என்ற சொல்லை நீக்கும்வரை தெர்வாலுக்குக் கோயிலுக்குள் வர அனுமதியில்லை, பூசையில் தரும் நற்கருணை அப்பம் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது என்று நகரின் தலைமைக் குருவான ஆயர் அறிவித்தார். அந்தத் தோட்டத்தில்தான் அவர் மனைவி அனெத்தைப் புதைத்திருந்தார்கள். அவள் பக்கத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

மாணவர்கள் வராமல் போனார்கள். அண்டை வீட்டார் கதவைச் சாத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கோயிலுக்கு வெளியே, சாத்திய கதவில் காதை வைத்துப் பூசை கேட்டார். மழையிலும் கேட்டார்.

முதலில் ஆயரின் செயலர் வந்தார். சொல்லை எடுத்தால் நீதிபதி பதவி என்றார். தெர்வால் மறுத்தார்.

அடுத்து, பாப்பரசரை விட்டுப் பிரிந்த அண்டை நாட்டின் தூதர் வந்தார்.

"எங்களிடம் வந்துவிடுங்கள். எங்கள் கோயிலில் பாப்பரசர் பேச்சே கிடையாது."

"அங்கே வந்து யாரோடு சண்டை போடுவேன்? இது என் வீட்டுச் சண்டை, ஐயா."

"வீட்டில்தான் உங்களைச் சேர்க்கவில்லையே!"

ஆனாலும் தெர்வால் போகவில்லை.

மூன்றாவதாக, அவர் சாகக் கிடந்தபோது, பங்குக் குரு ரெமி நற்கருணையோடு வந்தார்.

"சின்னச் சொல்தானே, ஐயா. ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துவிடும்."

"அவ்வளவு சின்னதென்றால் இருந்துவிட்டுப் போகட்டுமே, சாமி."

"அனெத் அம்மாளை நினைத்துப் பாருங்கள்."

"பொய் சொல்லிவிட்டா என் பக்கத்தில் வந்து படுத்தீர்கள் என்று கேட்பாள், சாமி. அவள் வாய்க்கு என்னால் பதில் சொல்ல முடியாது."

ரெமி கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போனார். தெருவில் அழுதுகொண்டே போனார்.

தெர்வாலைத் தோட்டத்தின் வடக்குச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். சுவருக்கு உட்புறம் அனெத். குழி வெட்டியவனைத் தவிர அங்கே யாரும் நிற்கவில்லை.

தன் வீட்டை விட்டுப் போகாமலே அதன் தவறைச் சொல்பவர் தனியாகத்தான் நிற்க வேண்டும். அது தெரிந்தும் நிற்பதே நேர்மை.

1659 செப்டம்பரில், கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல், வடக்குச் சுவரை இடித்துவிட்டுத் தெர்வாலின் குழிக்கு அப்பால் தள்ளிக் கட்டினார்கள்.