வாரம் ஒரு திரைச்சீலை

ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகிற சாலையில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே தியானக் கூடம் ஒன்று இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. தெரிந்தவர்கள் வருவார்கள், உட்கார்வார்கள், போவார்கள். கூடத்தை நடத்தியவர் அமிர்தவல்லி. நாற்பது வயதுதான் இருக்கும். சத்தமாகச் சிரிப்பார், குறைவாகப் பேசுவார். எல்லோரும் அவரை ஆசான் என்றார்கள்.

சீடர்களில் வயதில் மூத்தவர் குழந்தைசாமி. அறுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். ஒரே மகன் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு ஜெர்மனிக்குப் போன கையோடு, நிம்மதி எங்கே கிடைக்கும் என்று விசாரித்து இந்த மாடிப்படி ஏறினார். நிம்மதி கிடைத்ததோ இல்லையோ, கூடத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கிடைத்தது.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. தியான நேரத்தை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும், வெள்ளிக்கிழமை ஒரு பழைய பக்திப் படம் போட வேண்டும். அதற்குள் ஒரு நாள் மானிட்டர் லேசாகப் புகைந்து உயிரை விட்டது. நூல் மில் வைத்திருக்கும் அன்பர் ஒருவர், தன் வீட்டுக்குப் புதியது வந்துவிட்டதால், பழைய டிவியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார்.

"இதையே மானிட்டரா வெச்சுக்கலாங்க. ஒயரைச் சொருகுனா படம் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொருகினார். வரவில்லை. 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் திரையில் அங்குமிங்கும் மிதந்தது. குழந்தைசாமி ஒயரை உருவிச் சொருகினார், துடைத்துச் சொருகினார், ஊதிச் சொருகினார். மத்தியானச் சாப்பாடே மறந்துபோயிற்று.

ஆசான் வந்து பக்கத்தில் நின்றார்.

"டிவிக்குப் பின்னால ஓட்டை எத்தனைங்கய்யா?"

"மூணுங்கம்மா."

"ஒயர் எதுல இருக்குது?"

"ரெண்டாவதுல."

"டிவி எதைப் பார்த்துட்டு இருக்குது?"

குழந்தைசாமி ரிமோட்டை எடுத்து அமுக்கினார். டிவி முதல் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவதுக்கு மாற்றியதும் கம்ப்யூட்டர் திரை பளிச்சென்று வந்தது. ஆசான் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

படம் வந்தது. குழப்பமும் சேர்ந்தே வந்தது.

சில நாட்கள் கழித்துத் திரையின் ஓரங்கள் காணாமல் போயின. கீழே மணி காட்டுகிற பட்டை தெரியவில்லை. மேல் மூலையில் ஜன்னலை மூடுகிற பெருக்கல் குறி தெரியவில்லை. மவுசின் அம்புக்குறியை அந்தப் பக்கம் கொண்டுபோனால், அது சுவருக்குள் நுழைந்துவிட்ட மாதிரி மறைந்துவிடும். அதைத் திரும்பத் திரைக்கு இழுத்து வருவதற்குள் குழந்தைசாமிக்கு வேர்த்துக் கொட்டும்.

கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். புது ஒயர் வாங்கினார். எழுத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். திரையின் அளவை மாற்றுகிற இடத்தைக் கண்டுபிடித்து, இருக்கிற எண்களையெல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் திரை மொத்தமாகக் கறுத்துப் போகும். அது தானாகத் திரும்பி வருகிற வரைக்கும் சென்னிமலை முருகனை வேண்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். கூடத்தில் அவர் அவ்வளவு ஒருமனமாகத் தியானம் செய்தது அப்போதுதான்.

முருகன் திரையைத் திருப்பிக் கொடுத்தார். ஓரங்களைக் கொடுக்கவில்லை.

இந்த அவதியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெர்மனியிலிருந்து மகன் நவநீதன் வீடியோவில் கூப்பிடுவான். போனில் பார்த்தால் மகன் முகம் நெல்லிக்காய் அளவுக்குத்தான் தெரிந்தது. கண்ணில் புரை எடுத்த பிறகும் அப்படித்தான். டிவியில் பார்த்தால் பரங்கிக்காய் அளவுக்குத் தெரிந்தது, தாடையில் இருக்கிற மச்சம் உட்பட. பார்த்துவிட்டு வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். மழை பெய்ததா, மூட்டுவலி எப்படி, சாப்பாடு என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மருமகள் பேச்சு மட்டும் எழாது. அவள் பெயர் எஸ்தர், நாகர்கோவில் பக்கம். கல்யாணச் செய்தி வந்த அன்று குழந்தைசாமி மகனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அந்தப் பொண்ணோட குரல் என்ற காதுல விழக்கூடாது." அதன் பிறகு இரண்டு வருடமாக விழவில்லை.

போன ஞாயிறு மட்டும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பேச்சின் நடுவில் நவநீதன் சட்டென்று நிறுத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"போதுங்கப்பா. வாரா வாரம் வணக்கம் வெச்சா, பதிலுக்கு ஒரு கையைத் தூக்கக்கூட உங்களுக்கு மனசு வரலே. அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு தடவை கூப்பிடறேன். அன்னைக்கும் இப்படித்தான்னா, இனி கூப்பிடமாட்டேன்."

படம் அணைந்துவிட்டது. குழந்தைசாமி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யார் வணக்கம் வைத்தார்கள்? மகன் எந்த வாரமும் அப்பாவுக்கு வணக்கம் வைத்ததில்லை. வைக்கிற பழக்கமும் அந்த வீட்டில் இல்லை. வாரம் முழுக்க யோசித்தும் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இப்போது அந்த அடுத்த ஞாயிறு வந்துவிட்டது. மத்தியானமே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். திரையைச் சரிசெய்துவிட்டால் மகனும் சரியாகிவிடுவான் என்று ஒரு நினைப்பு. ஆசான் தரையில் முறத்தை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு ராத்திரி எல்லோருக்கும் கூடத்தில்தான் சாப்பாடு.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கய்யா."

"கோபத்தை விட்டுரச் சொல்றீங்க. நான் எப்பவோ விட்டுட்டனுங்க. கதவைத் தொறந்துதான் வெச்சிருக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு ரெண்டு வருசத்துல ஒரு தடவையாவது என்ற முன்னால வந்துச்சா? எட்டிப் பார்த்துச்சா? வராதவங்களை நான் எப்படிங்க ஏத்துக்கறது?"

ஆசான் ஒரு வெங்காயத்தை உரித்து முடித்தார்.

"உங்க பையன் வீடு எப்படி இருக்குதுங்க?"

கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாவிட்டாலும், குழந்தைசாமியின் முகம் மலர்ந்தது.

"நல்ல வசதிங்க. நான் பார்க்கறது ஒரு ரூம்தான், ஆனா சுத்தமா இருக்கும். ஓரத்துல ஒரு திரைச்சீலை தெரியுமுங்க. ஒரு வாரம் பச்சை, ஒரு வாரம் ஊதா. வாரம் ஒரு திரைச்சீலை மாத்தறான்னா பார்த்துக்குங்களேன்."

"அப்படிங்களா" என்றார் ஆசான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் காரணமாக இருக்கும்.

"கம்ப்யூட்டர்ல நம்ம ஆண்டு விழா போட்டோ இருக்குதுங்களா? எல்லாரும் சேர்ந்து எடுத்தது?"

"இருக்குதுங்க."

"போடுங்க, பார்ப்போம்."

அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஐந்து மணிக்கு மகன் கடைசியாகக் கூப்பிடப் போகிறான், இந்த அம்மா போட்டோ பார்க்க ஆசைப்படுகிறார். ஆனாலும் போட்டார். சுவர் நிறையப் படம் விரிந்தது. நடுவில் குழந்தைசாமி, சந்தன நிறச் சட்டையில், கொஞ்சம் விறைப்பாக.

"இதுல நான் எங்க இருக்கறேன்?" என்றார் ஆசான்.

குழந்தைசாமி தேடினார். முன்வரிசை, பின்வரிசை, மறுபடி முன்வரிசை.

"காணமுங்க."

"அன்னைக்கு நான் வரலீங்களா?"

"வராம எப்படிங்க? சாம்பார்க் கரண்டியோட அப்படியே வந்து நின்னீங்களே. எல்லாரும் சிரிச்சமே."

"எங்க நின்னேன்?"

"ஓரத்துல. நீங்க எப்பவும் ஓரத்துலதானுங்க நிப்பீங்க."

"அப்பறம் எங்க போனேன்?"

"இந்த டிவி வெட்டிருச்சுங்க! இதைத்தான் ரெண்டு மாசமா அடிச்சுக்கறேன், ஓரத்தை முழுங்குது, ஓரத்தை முழுங்குதுன்னு."

"டிவி தானாவா வெட்டுச்சு?"

குழந்தைசாமி ரிமோட்டைப் பார்த்தார்.

டிவி வந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. பழைய படம் சதுரமாக இருந்ததால் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. 'இத்தாம் பெரிய டிவி, சும்மா கெடக்குதே' என்று யாரோ குறைப்பட்டார்கள். வெறுமையாகக் கிடந்த அந்தக் கறுப்பு அவருக்கும் பொறுக்கவில்லை. ரிமோட்டைத் துழாவி ஒரு பொத்தானை அமுக்கினார். படம் பெரிதாகி மூலைக்கு மூலை நிறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைய படத்தில் சாமியின் கிரீடம் திரைக்கு மேலே போய்விட்டது, மயிலின் கால் கீழே போய்விட்டது. திரை நிறைந்திருந்ததால் யாரும் கேட்கவில்லை. அவரும் அந்தப் பொத்தானை அத்தோடு மறந்துபோனார்.

ரிமோட்டை எடுத்தார். அதே பொத்தானை அமுக்கினார். 'ஜூம்' என்று எழுத்து வந்தது. மறுபடி அமுக்கினார். 'முழுப் படம்' என்று வந்தது.

போட்டோ சுருங்கியது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. இடது பட்டையை ஒட்டினாற்போல், கையில் கரண்டியோடு, ஆசான் நின்றுகொண்டிருந்தார். கீழே மணி காட்டும் பட்டை தெரிந்தது. மேலே பெருக்கல் குறி தெரிந்தது. எதுவுமே எங்கும் போய்விடவில்லை.

"அடக் கடவுளே, நானேதானா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார் குழந்தைசாமி. "கம்ப்யூட்டரைப் போட்டு இந்தப் பாடு படுத்தினேனே!"

ஆசானும் சிரித்தார். வழக்கம்போல் சத்தமாக.

"சரிங்கம்மா. இது முடிஞ்சுது. நான் முதல்ல கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லவே இல்லீங்களே?"

ஆசான் வாயைத் திறப்பதற்குள் கம்ப்யூட்டரில் அழைப்பு வந்தது. ஐந்து ஆகியிருந்தது.

"எடுங்கய்யா. பையன் காத்திருப்பான்."

குழந்தைசாமி எடுத்தார். சொல்ல ஒரு வார்த்தையும் தயாராக இல்லை. இந்த மகனும் இல்லையென்றால் தனக்கு யார் என்பது மட்டும் மனதில் நின்றது.

நவநீதன் தெரிந்தான். முகம் இறுகியிருந்தது. போன வாரத்தைவிடச் சிறிய முகம். அவனைச் சுற்றி ஒரு வீடே தெரிந்தது: அலமாரி, அடுப்பு, காயப்போட்ட துணி. வலது ஓரத்தில் திரைச்சீலை இருந்தது. இன்றைக்கு மஞ்சள்.

அந்த மஞ்சளுக்கு ஒரு தோள் இருந்தது. தோளுக்கு மேலே ஒரு முகம் இருந்தது.

கல்யாணச் செய்தியோடு மகன் நீட்டிய போட்டோவில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் தள்ளிவிட்ட முகம். அவள் மகனுக்குச் சற்றுப் பின்னால், ஒரு நாற்காலியில், வாடகைக்குக் குடிவந்தவள் போல நுனியில் உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி, நேராக அவரைப் பார்த்து, காத்திருந்தாள்.

பச்சை, ஊதா, நீலம் என்று ஒவ்வொரு வாரமும் கண் முன்னால் வந்து போயிற்று. குழந்தைசாமிக்கு வெட்கமாகிப் போயிற்று.

இந்த வாரமும் பதில் வராது என்று பழகிப்போன அந்தக் கைகள் மெல்ல இறங்கத் தொடங்கின.

அவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நெஞ்சுக்கு நேராகக் கை கூப்பினார். இறங்கிக்கொண்டிருந்த கைகள் அங்கேயே நின்றன, பிறகு மறுபடி மேலே வந்தன. நவநீதன் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தான், திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"அப்பா?" என்றான்.

குழந்தைசாமி கூப்பிய கையைப் பிரிக்காமல் ஆசான் பக்கம் திரும்பினார்.

"அம்மா... இந்தப் பொண்ணு எத்தனை நாளா இப்படி வந்து உக்காந்துட்டு இருந்துச்சு?"

ஆசான் உரித்த வெங்காயத்தை முறத்தில் போட்டார்.

"என்னை எதுக்குங்கய்யா கேக்கறீங்க? அதை அவங்க வாயாலயே கேளுங்க."