தரைப்பாலத்துல நின்னுபோன நீலக் கார்

ஒரு ஊர்ல ஒரு நீலக் கார் இருந்துச்சு. ரொம்பப் பழைய கார். அதை ஓட்டறவ பேரு சுகந்தி. அவளுக்குத் தாரணின்னு ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். ம் கொட்டு சாமி, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

ம்.

அந்த வீட்ல சுகந்தியோட மாமனாரும் இருந்தாரு, நாச்சிமுத்துன்னு பேரு. தாரணிக்கு அவரு அப்பாரு, அப்பாவோட அப்பா. வாதம் வந்து ஒரு பக்கம் காலும் கையும் விழுந்துபோச்சு. தூக்கி உட்கார வெச்சா உட்காருவாரு, நடக்க முடியாது. ஒரு நாள் மத்தியானம் அவரை ஆத்துக்கு அந்தப் பக்கம் வைத்தியர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டு, மூணு பேரும் திரும்பி வந்துட்டு இருந்தாங்க.

அப்போ வழியில ஒரு தரைப்பாலம். போகும்போது காஞ்சு கிடந்துச்சு. வரும்போது பாலத்து மேல தண்ணி, கணுக்கால் அளவு, சலசலன்னு ஓடுது. சரி, இவ்வளவுதானேன்னு சுகந்தி வண்டியை இறக்கிட்டா. மேல மலையில பேய்மழை பெஞ்சுட்டு இருந்தது அவளுக்குத் தெரியாது.

பாதிப் பாலம் வந்துச்சா, தண்ணிக்குள்ள ஒரு பள்ளம். தடால்னு முன்சக்கரம் விழுந்துச்சு. சளார்னு தண்ணி முன்னாடி எழும்பி அடிச்சுது. புஸ்ஸுன்னு வண்டி அணைஞ்சுபோச்சு.

ம்... அப்புறம்?

அப்புறம் சுகந்தி சாவியைத் திருப்பினா. டிக். டிக். டிக். அவ்வளவுதான், வேற சத்தமே இல்ல. போனை எடுத்துப் பார்த்தா சிக்னல் இல்ல. முன்னாடியும் ஆளில்ல, பின்னாடியும் ஆளில்ல.

"அம்மா, தண்ணி பெருசாகுது"ன்னு தாரணி சொன்னா.

சுகந்தி எட்டிப் பார்த்தா. தெளிஞ்ச தண்ணி செம்மண் நிறமா மாறியிருந்துச்சு. வெளிய இறங்கி பானட்டைத் தூக்கினா. பள்ளத்துல விழுந்த குலுக்கல்ல பேட்டரி வயரு கழண்டு தொங்குது. வயரைத் திருகி இறுக்கினா. வந்து உட்கார்ந்து திருப்பினா. கிர்ர்ர்... கிர்ர்ர்... சத்தம் வந்துச்சு. ஆனா எஞ்சின் பிடிக்கல.

அப்போ தண்ணி பாதிச் சக்கரத்துக்கு வந்துருச்சு.

மறுபடி இறங்கினா. எஞ்சினுக்குள்ள வயரெல்லாம் நனைஞ்சு சொட்டுது. துப்பட்டாவை உருவி ஒவ்வொண்ணா ஒத்தி ஒத்தித் துடைச்சா. அவ செருப்பு ஒண்ணைத் தண்ணி உருவிட்டுப் போயிருச்சு. திரும்பிப் பார்க்கறதுக்குள்ள காணோம். ஓடி வந்து ஏறித் திருப்பினா. கிர்ர்ர்... கிர்ர்ர்... அப்பவும் பிடிக்கல. கதவு இடுக்குல தண்ணி உள்ள வந்து தாரணி புத்தகப் பை மிதக்குது.

அப்போ நாச்சிமுத்து சொன்னாரு, "அம்மிணி, புள்ளையத் தூக்கிட்டு நீ நடந்துரு. என்னைய விட்டுரு."

சுகந்தி மிதந்த பையை எடுத்துத் தாரணி மடியில வெச்சா.

"நான் வயசானவன். சொல்றதைக் கேளு."

"பேசாம இருங்க மாமா."

தூங்கிட்டியா? ம் சொல்லு.

ம்... பயமா இருக்கு.

எனக்கும் சொல்லச் சொல்ல பயமாத்தான் இருக்கு. கிட்ட வா, இப்படிப் படுத்துக்கோ.

அப்போ ஆத்துக்கு மேல் பக்கம் உர்ர்ர்ருன்னு ஒரு சத்தம். மரமும் மட்டையுமா வெள்ளம் திரண்டு வர்ற சத்தம். சுகந்தி நாலாவது தடவை சாவியைத் திருப்பினா. பதட்டத்துல நியூட்ரல்ல போடாம, கியர்லயே வெச்சுத் திருப்பிட்டா. செருப்பில்லாத ஈரக்கால் கிளட்சுலேருந்து வழுக்கிருச்சு. வண்டி துக்குன்னு பள்ளத்தை விட்டு முன்னால குதிச்சுது.

"அம்மா, நகர்ந்துச்சு"ன்னா தாரணி.

எஞ்சினை எழுப்பறதுக்குன்னு காருக்குள்ள ஒரு குட்டி மோட்டார் இருக்கும் கண்ணு. பேட்டரி இருந்தா அது சுத்தும். எஞ்சின் எழுந்திருக்காட்டியும் போகுது, கியர்ல இருந்தா அந்தக் குட்டி மோட்டாரே வண்டியை இழுக்கும்னு சுகந்திக்கு அப்பத்தான் பட்டுச்சு. முதல் கியரைப் போட்டா. கிளட்சை மிதிக்காமலே சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டா.

கிர்ர்ர்... துக்கு. கிர்ர்ர்... துக்கு. கார் நத்தை மாதிரி ஊர்ந்துச்சு. கிர்ர்ர்... துக்கு. தண்ணி பக்கவாட்டுல தள்ளுது, வண்டி ஓரமா சறுக்குது, அவ ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சுப் பிடிச்சிருக்கா. பேட்டரி இறங்க இறங்க சத்தமும் இறங்குது. கிர்ர்... கிர்... கி... முன்சக்கரம் கரையில ஏறுச்சு. அதோட நின்னுபோச்சு. பின்சக்கரம் இன்னும் தண்ணிக்குள்ள.

ஆனா கரை இப்போ கைக்கெட்டுற தூரம். "தாரணி, ஓடு"ன்னா. புள்ள குதிச்சு மேட்டுக்கு ஓடிருச்சு. சுகந்தி மாமனாரோட அக்குளுக்குள்ள கையைக் கொடுத்து, வெளிய இழுத்து, முதுகுல சாய்ச்சு, தம் பிடிச்சு மேட்டுக்குக் கொண்டுவந்து போட்டா. அப்படியே அவளும் விழுந்துட்டா.

அப்போ வந்துச்சு வெள்ளம், ஹோன்னு. காரைப் பின்னாடி பிடிச்சு இழுத்துச்சு. நீலக் கார் ஒரு சுத்து சுத்தி, கொஞ்ச தூரம் மிதந்து, முழுகிப்போச்சு.

மூணு பேரும் பார்த்துட்டே உட்கார்ந்திருந்தாங்க. நாச்சிமுத்து தன்னோட நல்ல கையால சுகந்தி மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. விடவே இல்ல.

"பயந்துட்டீங்களா மாமா?"

"ஆமா அம்மிணி. நீ விட்டுட்டுப் போயிருவியோன்னு ரொம்பப் பயந்துட்டேன்."

அவ்வளவுதான் சாமி. எல்லாரும் கரையேறியாச்சு, கதையும் கரையேறிருச்சு. கண்ணை மூடு.