கீபோர்டு மேல் வைத்த பை

குரு என்றால் தாடி வேண்டும் என்று யார் சொன்னது? தரணிக்கு மீசையே பாதிதான் முளைத்திருந்தது. பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனாலும் உடுமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் வெப்சைட் வேலை கற்க வந்தவர்கள் எல்லோரும் அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பரோட்டா போடுகிறவர் மாஸ்டர், துணி வெட்டுகிறவர் மாஸ்டர். இவன் மட்டும் ஏன் கூடாது?

கோகிலவாணிக்கு அவன் வயதில் மகள் இருந்தாள். பனியன் கம்பெனி பேக்கிங் பிரிவில் நின்று நின்று கால் வீங்கியது போதும் என்று இங்கே வந்து உட்கார்ந்தவள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான்.

"மாஸ்டர், எந்த டூல் கத்துக்கிட்டா வெசையா வேலை முடியும்?"

தரணி வாயில் போண்டா இருக்கும். இல்லாவிட்டாலும் பதில் வராது.

அவன் சொல்லாவிட்டால் என்ன, வீடியோ சொல்லாதா? அவளே தேடித் தேடி இறக்கிக்கொண்டாள். கலர் பொறுக்கித் தர ஒன்று. விதவிதமான எழுத்து வடிவங்களைச் சேர்த்து வைக்க ஒன்று. படத்தை நெளிய வைக்க ஒன்று. செய்ய வேண்டிய வேலைகளை அட்டை அட்டையாக அடுக்க ஒன்று. வேலைக்கும் ஓய்வுக்கும் மணியடிக்கத் தக்காளிப் படம் போட்ட டைமர் ஒன்று. அது அடித்தால் எழுந்து நிற்பாள், மறுபடி அடித்தால் உட்காருவாள். பார்ப்பதற்கு மும்முரமாகத்தான் இருந்தது.

அவளுக்கு வந்த முதல் வெப்சைட் வேலை பாம்பு பிடிக்கிற மருதாசலத்துடையது. "ஊர்ல பாம்பு வந்தா எங்க நம்பர் சனங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்று கேட்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலை அவளுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. "உங்க இடத்தை இன்னைக்கு வரைக்கும்தான் வெச்சிருப்பேன். திங்கட்கிழமை கம்பெனி வேன்ல ஏறுவீங்களா, மாட்டீங்களா?" மேனேஜர் கறாராகக் கேட்டார்.

"பொழுதோட சொல்றனுங்க" என்றாள். அவள் செய்த வெப்சைட் பக்கத்தை மருதாசலம் ஏற்றுக்கொண்டால் இங்கே. இல்லாவிட்டால் வேன்.

மருதாசலம் தோளில் ஒரு துணிப்பையோடு படியேறி வந்தார். பெரிய திரையில் பக்கத்தைத் திறந்து காட்டினாள். கறுப்பு மெதுவாக விலகியது. பச்சைக் காடு வந்தது. ஒரு பாம்பு நெளிந்து நெளிந்து போய் அவர் பெயராகவே சுருண்டது.

"அட! என்ற பேரு!" அவருக்கு வாயெல்லாம் பல். "சினிமா கணக்கா இருக்குது அம்மிணி. இதையே போட்ருங்க."

கோகிலவாணி தரணியைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயித்த முகம்.

தரணி எழுந்தான். "அண்ணா, பைக்குள்ள என்னங்க?"

"காலைல அரிசிக் குடோன்ல புடிச்சது. அமராவதிக் காட்டுப் பக்கம் கொண்டுபோயி விடணும்."

அவர் காதில் தரணி ஏதோ சொன்னான். அவர் முதலில் முறைத்தார், பிறகு மீசைக்குள் சிரித்தார், பையைக் கொடுத்துவிட்டுக் கீழே டீக்கடைக்கு இறங்கிப் போனார்.

தரணி அந்தப் பையை அவள் கீபோர்டு மேல் வைத்தான்.

பை அசைந்தது.

"மாஸ்டர்!"

"முடிச்சு லூசா இருக்குதுங்க்கா. உங்க போன்ல உங்க பக்கத்தைத் தொறந்து அவரைக் கூப்புடுங்க."

அவள் அதற்குள் நாற்காலி மேல் ஏறியிருந்தாள். போனைத் திறந்தாள். கறுப்பு. இன்னும் கறுப்பு. பிறகு மெதுவாக விலகி, பச்சைக் காடு பாதி வந்து நின்றது.

"வருது, வருது" என்றாள்.

"பாம்பும்தானுங்க்கா."

திரையில் பாம்பு நெளிய ஆரம்பித்தது. மருதாசலத்தின் பெயரை எழுதி முடிக்காமல் விடமாட்டேன் என்றது. அவள் சும்மா தட்டிக்கொண்டே இருந்தாள். 'எங்கள் அறிவிப்புகளைப் பெற விருப்பமா?' என்று ஒரு பெட்டி குதித்தது. அதை மூடினால் 'எங்கள் பயணம்' வந்தது. அதைத் தள்ளினால் பெயர், ஊர், மின்னஞ்சல், உங்கள் செய்தி. நம்பர் எங்கே? மேலே, படத்துக்குள். தொட்டாள். போன் போகவில்லை. படம்தான் பெரிதானது.

பையின் ஒரு மூலை புடைத்து அமுங்கியது.

கோகிலவாணி போனை மேஜையில் எறிந்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள். "மருதாசலண்ணோவ்!"

பஸ் ஸ்டாண்டே அண்ணாந்து பார்த்தது. டீ கிளாசோடு மருதாசலம் கையை ஆட்டினார்.

"ஜன்னல் நல்ல டூலுங்க்கா. எல்லா வீட்டுக்குக் கீழயும் அவரு டீக்கடைல இருந்தாருன்னா அது போதும்" என்றான் தரணி.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. "என்ன வெளையாட்டு இது? அதுக்குள்ள நெசமாவே பாம்புதான் இருக்குதா?"

"உங்க பக்கத்தைத் தொறக்கறவங்க வீட்ல நெசமாவே இருக்கும்."

நாற்காலியிலிருந்து இறங்கினாள். கம்பெனியில் அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். டப்பா கட்டுவதற்கு முன்னால் ஒரு பனியனை உருவித் தன் தலையிலேயே மாட்டிப் பார்ப்பாள். கழுத்து ஏறவில்லை என்றால் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடுவாள், மேனேஜர் குதித்தாலும் சரி. அந்தப் பழக்கத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

மருதாசலம் மேலே வந்து பையை எடுக்கக் கை நீட்டினார். "நான் வெயில் ஏர்றதுக்குள்ள கிளம்பணும். பக்கம் இன்னைக்கே ஆகலீன்னா பொள்ளாச்சில ஒரு பையன் செஞ்சு தரேங்கறான்."

"இருங்கண்ணா. இன்னொரு டீ குடிச்சிட்டு வாங்க. பை இங்கயே இருக்கட்டும்."

"அம்மிணி, அது..."

"இருக்கட்டுங்கறேன்."

பையைக் கீபோர்டிலிருந்து ஓரடி தள்ளி, கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டாள். தக்காளி டைமர் அடித்தது. எழுந்து நிற்கவில்லை, அதை மூடினாள். அட்டை அடுக்கை மூடினாள். கலர் பொறுக்கியை மூடினாள். பாம்பு நெளியும் கோப்பின் மேல் மட்டும் கை ஒரு நிமிஷம் நின்றது. அதற்காகத் தூக்கம் கெட்டிருந்தாள்.

"மாஸ்டர், இதை..."

தரணி ஜன்னல் வழியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழித்தாள்.

வெப்சைட் எழுதுகிற வெறும் எடிட்டர் ஒன்றைத் திறந்து எழுதினாள். சிவப்பாக, கட்டைவிரல் நடுங்கினாலும் தப்பாத அளவுக்கு ஒரு பட்டன்: 'பாம்பா? இங்கே தொடுங்க.' அதன் கீழே: 'கிட்டப் போகாதீங்க. அடிக்காதீங்க. எங்க போகுதுன்னு தள்ளி நின்னு பாருங்க, வந்துடறோம்.' மருதாசலத்தின் முகம் தெரிய ஒரே ஒரு போட்டோ. போனில் திறந்து பார்த்தாள். போட்டோ வருவதற்குள் பை ஒருமுறை அசைந்துவிட்டது. போட்டோவைச் சுருக்கித் தருகிற டூல் ஒன்றைப் போன மாசமே இறக்கி வைத்திருந்தாள், ஒருநாளும் தொட்டதில்லை. அதைத் தேடி எடுத்துச் சுருக்கினாள். மறுபடி போனில் பார்த்தாள். மறுபடி சுருக்கினாள். இந்தத் தடவை பை அசைவதற்கு முன்பே முகம் வந்தது.

பிறகு பையை இரண்டு கையாலும் எடுத்தாள். கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. மடியில் வைத்துக்கொண்டாள். முதுகெல்லாம் வேர்த்தது. ஒரு கையால் போனைப் பிடித்து, பக்கத்தைத் திறந்து, பட்டனைத் தொட்டாள்.

படிக்கட்டில் மருதாசலத்தின் போன் அடித்தது.

"வந்துட்டேன் அம்மிணி!" ஓடி வந்தவர் அவள் மடியைப் பார்த்து நின்றுவிட்டார். "அட மகராசி! மடியிலயா வெச்சிருக்கறே?"

"முடிச்சு லூசாமே?"

"யாரு சொன்னது? ரெட்டை முடிச்சாக்கும். சாரைப்பாம்பு, வெசமும் இல்ல." பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். தன் போனில் பக்கத்தைத் திறந்தார், தொட்டார், தன் நம்பருக்கே அழைப்பு போவதைப் பார்த்துத் தலையாட்டினார். "என்ற பேரு நெளியறது போச்சுது."

"போச்சுதுங்கண்ணா."

பட்டனை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். "போகுது, உடு. இதுவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கோகிலவாணி மேனேஜருக்குப் போன் போட்டாள். "எங்க வீட்டு முன்னாடி வேன் நிக்க வேண்டாமுங்க" என்றாள். வைத்துவிட்டாள். தரணி பக்கம் திரும்பிப் பழைய கேள்வியையே கேட்டாள்.

"இப்பவாச்சும் சொல்லுங்க மாஸ்டர். எந்த டூல்தான் நல்ல டூல்?"

தரணி போண்டாப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினான்.

"பை முன்னாடி இருந்தப்ப உங்க கை எதையெல்லாம் தேடி எடுத்துச்சுதோ, அதெல்லாமுங்க்கா."